ஒலி ஒன்று, எழுத்து பல

2024 கோடையில் ஃபுஜி மலையின் யோஷிதா பாதைக்குக் குறுக்கே யமனாஷி மாநில அரசு ஒரு வாயில் அமைத்தது. நாளொன்றுக்கு 4,000 பேர், தலைக்கு 2,000 யென் என்பது அந்த ஆண்டின் கணக்கு. செய்தி பரபரப்பாகத்தான் பேசப்பட்டது. ஆனால் 3,776 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்த மலையை மனிதர் தம் கணக்குக்குள் அடக்கப் பார்ப்பது இன்று நேற்றல்ல. அதன் பெயரிலேயே தொடங்கிய பழக்கம் அது.

ஃபுஜி என்ற ஒலி எழுத்துக்கு முந்தியது. சீன எழுத்துகள் ஜப்பானுக்கு வந்தபின், பொருள் மறந்துபோன அந்த ஒலியின்மேல் ஒவ்வொரு காலமும் தன் ஆசையை எழுதிப் பார்த்தது. எட்டாம் நூற்றாண்டுப் பாடல் தொகுப்பான மன்யோஷு 'தீராதது' என்று எழுதியது. வேறு சிலர் 'இரண்டற்றது' என்றார்கள். இன்று நிலைத்திருப்பதோ செல்வத்தையும் வீரனையும் குறிக்கும் எழுத்துகள். மூங்கில் வெட்டியின் கதையில், நிலவுக்குத் திரும்பிவிட்ட பெண்ணைப் பிரிந்த பேரரசன், அவள் விட்டுச்சென்ற சாவா மருந்தை இந்த உச்சியில் எரிக்கச் சொல்கிறான். அவளில்லாத நெடுவாழ்வு அவனுக்கு எதற்கு? சாவாமையைச் சொல்லும் 'ஃபுஷி'யோடு மலையின் பெயரை அந்தக் கதை சேர்த்துவிட்டது. ஜப்பானின் வடபுலப் பழங்குடியான ஐனு மக்களின் நெருப்புத் தெய்வமே இப்பெயரின் மூலம் என்றார் ஜான் பாட்ச்லர் என்ற பாதிரியார். அந்தத் தெய்வப் பெயரிலுள்ள ஐனுச் சொல்லுக்குக் கிழவி என்றுதான் பொருள் என்று மறுத்தார் மொழியறிஞர் கிந்தாய்ச்சி கியோசுகே. வழக்கு இன்னும் தீரவில்லை. ('ஃபுஜி சான்' என்பதிலுள்ள 'சான்' மரியாதை விகுதியல்ல, மலைதான்.)

சாவாமையின் பெயர் சூட்டிய மலைக்குப் பிற்காலத்தார் அமர்த்திய தெய்வமோ கொனொஹனசகுயா, மலரின் இளவரசி. 712-இல் முடிந்த தொன்ம நூலான கொஜிகி சொல்கிறது: தந்தை இரு மகள்களையும் மணமுடித்து அனுப்ப, மணமகன் நினிகி பாறையின் பெயர்கொண்ட மூத்தவளை அழகில்லை என்று திருப்பி அனுப்பினான், அதனால் அவன் வழித்தோன்றல்களின் ஆயுள் மலர்போலக் குறுகிற்று. தன் கற்பை ஐயுற்ற அவனுக்கு விடையாக, எரியும் குடிலுக்குள்ளிருந்து பிள்ளை பெற்றவளும் இந்த இளையவளே. எரிமலைக்கு இவளைவிடப் பொருத்தமானவள் யார்?

1707-இல் மலை கடைசியாக வெடித்தபோது இன்றைய தோக்கியோவான எடோ நகரில் சாம்பல் பொழிந்து பகலே இருண்டது. அதே நகரத்தார், நூறாண்டு கழிவதற்குள், அந்த மலையின் எரிமலைக் கற்களைச் சுமந்து வந்து நகருக்குள்ளேயே சிறு குன்றுகள் கட்டினார்கள். 1872 வரை உச்சிக்கு ஏறத் தடை இருந்த பெண்களும், நடக்க மாட்டாத முதியவர்களும் அவற்றில் ஏறி இறங்கினார்கள். சில குன்றுகள் இன்றும் தோக்கியோவில் நிற்கின்றன. அவற்றுக்கும் ஃபுஜி என்றே பெயர்.