வில் கண்ட மதி

வில் என்றவுடன் நம் நினைவில் எழுவோர் காவிய வீரரே. ஆயின் வில்லை முதன்முதற் கண்டவர் எந்நாட்டு அரசரும் அல்லர். உழவும் எழுத்தும் தோன்றுதற்குப் பன்னெடுங்காலம் முன்னர் வாழ்ந்த வேட்டுவரே ஆவர். அன்னாரைக் 'காட்டுமிராண்டிகள்' என்று கூறிக் கடந்துசெல்லுதல் நம்மிடையே வழக்கமாயிருக்கின்றது. அவ்வழக்கு நேரிதன்று என்பதே யாம் ஈண்டு வற்புறுத்தப் புகும் கருத்து.

வில்லின் தொன்மையை அறிதல் எளிதன்று. கழி மட்கும், நாண் அழியும், கல்லும் எலும்புமாகிய முனைகளே எஞ்சும். இதுகாறும் கிடைத்த விற்களுள் மிகப் பழையனவாக எண்ணப்படுவன, 1944-ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் ஹோல்மகார்டுச் சதுப்பில் அகப்பட்டவை. அவற்றின் வயது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள். அம்புமுனைகளோ அவற்றினும் மிகத் தொன்மை வாய்ந்தன. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் அகப்பட்டவை 60,000 ஆண்டுகட்கு மேற்பட்டன. இலங்கையின் பாகியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகட்கு முற்பட்டன.

இவை ஈட்டியின் முனைகளாயிருத்தல் கூடாதோ எனச் சிலர் வினவுவர். தென்பிரான்சிலுள்ள மாந்திரேன் குகையில் 54,000 ஆண்டுப் பழமையுடைய முனைகள் கிடைத்தன. அவற்றுட் சில ஒரு சென்டிமீட்டர் அகலமும் இல்லாதவை. ஆராய்ச்சியாளர் அவற்றைப் போன்றன செய்து எய்து பார்த்தனர். இத்துணைச் சிறு முனை, விரைந்து செல்லும் அம்பிலன்றி விலங்கின் உடலைத் துளைக்கும் வன்மை பெறாதெனக் கண்டு, 2023-இல் வெளியிட்டனர். இம்முடிபு தக்கதென்றே யாம் கொள்கின்றோம்.

இனி, வில்லின் இயல்பை நோக்குமின். கை மெல்ல ஈர்க்கும் வலியைக் கழி தன்னகத்தே தேக்கி வைத்து, ஒரு நொடியில் அம்பிற்கு அளிக்கின்றது. வளைந்தும் முறியாத மரம், இழுத்தும் அறாத நாண், நேரிய தண்டு, கூரிய முனை, இவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவற்றாற் பயனில்லை. முனையைத் தண்டிற் பொருத்தும் பசையையும் எண்ணுமின். சிபுடு குகை மாந்தர் காவிமண்ணை மரப்பிசினுடன் குழைத்துப் பசை ஆக்கினர். இவை யாவும் ஒருங்கு கூடும் பயனை முன்னரே மனத்திற் கண்டாலன்றி ஒருவர் இத்தொழிலைத் தொடங்கவும் இயலாது. அம்மனம் நம் மனத்தினின்று எவ்வாற்றான் வேறுபட்டது?

அங்ஙனமாயின், வில்லை வழங்காத ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மதியிற் குறைந்தவரோ எனின், அன்று. ஈட்டியைத் தொலைவிற் செலுத்தும் எறிகோலும் வளைதடியும் அவர்தம் நுண்ணறிவிற்குச் சான்றாகும். வில் இருத்தல் மதியைக் காட்டும். இல்லாமை மதியின்மையைக் காட்டாது.

எனவே, கல்வி கற்ற நாம் அவ்விழிசொல்லை நம் நாவினின்றும் நீக்குதல் கடன். மீள்விசையின் விதிகளை நாம் ஆய்வுக்கூடத்திற் பயில்கின்றோம். அவ்விசைக்கு எண்ணும் பெயரும் அறியாதிருந்தே அதனைத் தமக்கு ஏவல் செய்யவைத்தார் அவ்வேட்டுவர். அவர் நமக்குப் புறம்பானவர் அல்லர்; நம் முன்னோரே.