விசாரியாத தீர்ப்பு

மின்னும் பொருளைக் கண்டால் கவர்ந்து செல்லும் என்று ஐரோப்பியர் நெடுங்காலமாகப் பழித்து வந்த பறவை மக்பை. காக்கை இனத்தைச் சேர்ந்த அது, கருமையும் வெண்மையும் கலந்த உடலும் நீண்ட வாலும் உடையது. 1817ஆம் ஆண்டு மிலான் நகரில் அரங்கேறிய ரொசினியின் 'திருட்டு மக்பை' என்னும் இசைநாடகம் இப்பழியை உலகறியச் செய்தது. வெள்ளிக் கரண்டியைத் திருடினாள் என்று பணிப்பெண் நினெற்றாவுக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது. ஈற்றில், களவுபோன பொருள் மக்பையின் கூட்டில் அகப்படவே, அவள் உயிர் தப்புகிறாள்.

பணிப்பெண் மீண்டாள்; பழி பறவையின் தலையில் விழுந்தது. அதனை விசாரித்தவர் யார்?

2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர் விசாரித்தனர். இரையாக இட்ட கொட்டைகளின் அருகே பளபளக்கும் திருகாணிகளையும் உலோகத்தாள் வளையங்களையும், நீலம் பூசி ஒளி மழுக்கிய பொருள்களையும் வைத்து 64 முறை சோதித்தனர். இருமுறை மாத்திரமே மக்பை மின்னும் பொருளை எடுத்தது, எடுத்தவுடனே போட்டுவிட்டது. ஒளியுடையனவாயினும் அல்லவாயினும், அப்பொருள்களின் அருகே அப்பறவைகள் தயங்கித் தயங்கியே இரை உண்டன. ஆசையென்று ஊர் சொன்ன இடத்தில் அச்சமே இருந்தது.

வகுப்பறையில் ஒரு பேனா காணாமற் போனால் ஆசிரியரின் கண் முதலில் எவனை நாடுகிறது? வறியவனை, அன்றேல் முன்னொருகால் பெயர் கெட்டவனை. அவனைப் பற்றிய கதையே சாட்சியாகிவிடுகிறது. நினெற்றாவுக்கு நேர்ந்ததும் மக்பைக்கு நேர்ந்ததும் இதுவேயன்றோ? பேனாவைத் தேடுமுன் நம் ஐயத்தை நாம் சோதித்தல் வேண்டும்.