காட்டப்படும் துப்பாக்கியும் கண்மூடும் சட்டமும்

1993 ஜனவரி 10 அன்று மும்பை வடாலாவின் ஹரி மசூதிக்குள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழுகைக்குக் கூடியிருந்தவர்களில் பலர் உயிரிழந்தனர். அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998ல் அளித்த அறிக்கையில் பதிவு செய்தது. சுட்டவர் தண்டிக்கப்படவில்லை. குண்டடிபட்ட ஒரு வங்கி ஊழியர் மீதுதான் கலவர வழக்கு போடப்பட்டது. அந்த வழக்கிலிருந்து விடுபட அவருக்கு 16 ஆண்டுகள் ஆயின.

அதே ஜனவரிக் கலவரத்தின்போது, பாந்த்ரா கிழக்கில் சிவசேனை சட்டமன்ற உறுப்பினர் மதுகர் சர்போத்தார் சென்ற வாகனத்தை ராணுவத்தினர் மறித்தனர். வாகனத்தில் ஆயுதங்கள் இருந்தன. தடாச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. சில மாதங்களுக்குள் அதே நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது அந்தச் சட்டம் ஏவப்பட்டது. சர்போத்தார் மீது அது பாயவில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளும் பழைய கதை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. பொது இடத்தில் யார் ஆயுதத்துடன் நடமாடலாம், அதைக் காட்டி யார் யாரை மிரட்டலாம் என்ற கேள்விக்கு மும்பையின் ஆளும் வர்க்கங்கள் அன்று அளித்த விடைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். உரிமம் பெற்றவரும் நினைத்தபடி அதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 32ஆவது விதி இதைத் தெளிவாகவே கூறுகிறது. பொது இடத்தில் எடுத்துச் செல்லும் துப்பாக்கி உறைக்குள் முழுமையாக மறைக்கப்பட்டு, எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதை வெளியே எடுத்துக் காட்டுவதும் சுடுவதும் அறவே தடை செய்யப்பட்டுள்ளன. மீறினால் உரிமத்தை ரத்து செய்யலாம், துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம், வழக்கும் தொடரலாம். கொண்டாட்டங்களில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துள்ளது. ஆக, சட்டப் புத்தகத்தில் குறை அதிகமில்லை.

ஆனால் நடைமுறையில் காவல்துறை குண்டையும் பிணத்தையும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சுடாத துப்பாக்கி அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வை நசுக்குவதோ பெரும்பாலும் அந்தச் சுடாத துப்பாக்கிதான். இடுப்பில் துருத்திக்கொண்டிருக்கும் கைத்துப்பாக்கி, மேசை மீது எடுத்து வைக்கப்படும் ரிவால்வர், முதலாளிக்குப் பின்னால் நிற்கும் மெய்க்காவலரின் தோளில் தொங்கும் துப்பாக்கி ஆகியவை ஒரு குண்டையும் செலவிடாமல் காரியத்தைச் சாதித்துவிடுகின்றன.

புணே மாவட்டம் முல்ஷியில் நடந்தது இதற்குத் தக்க சான்று. நிலத் தகராறில் விவசாயிகளுக்கு முன்னால் ஒரு பெண்மணி கைத்துப்பாக்கியை நீட்டி மிரட்டும் காணொளி 2024 ஜூலையில் நாடு முழுவதும் பரவியது. அவர் பயிற்சி ஐஏஎஸ் அதிகாரி ஒருவரின் தாயார். சம்பவம் நடந்ததோ 2023ல். ஓராண்டு முழுவதும் வழக்கு இல்லை, கைது இல்லை. மகளின் பணி நியமனம் பற்றிய சர்ச்சை வெடித்து, காணொளியும் வெளிவந்த பிறகே வழக்கு பதிவானது, கைதும் நடந்தது, துப்பாக்கி உரிமமும் பறிபோனது. அந்தச் சர்ச்சை எழாதிருந்தால் விவசாயிகளின் அச்சத்தை யார் கேட்டிருப்பார்கள்?

வடாலாவுக்கு மிக அருகில் உள்ள பிரபாதேவியில் 2022 செப்டம்பரில் விநாயகர் ஊர்வலத்தை ஒட்டி சிவசேனையின் இரு பிரிவினரிடையே மோதல் நிகழ்ந்தது. ஷிண்டே பிரிவுச் சட்டமன்ற உறுப்பினர் சதா சர்வன்கர் துப்பாக்கியால் சுட்டதாகப் புகார் எழுந்து, ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. அவர் புகாரை மறுத்தார். அடுத்த ஆண்டே அவருக்குச் சித்தி விநாயகர் கோவில் அறங்காவலர் குழுத் தலைவர் பதவி கிடைத்தது. 2024 பிப்ரவரி 2 அன்று உல்லாஸ்நகரில் பாஜக சட்டமன்ற உறுப்பினர் கண்பத் கெய்க்வாட், காவல் நிலையத்துக்குள்ளேயே கூட்டணிக் கட்சிப் பிரமுகரைச் சுட்டார். அங்கும் பிரச்சனை நிலம்தான். அவர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவருடைய மனைவிக்கு பாஜக வாய்ப்பளித்தது. அவர் வெற்றியும் பெற்றார்.

2024 டிசம்பரில் பீட் மாவட்டத்தில் மஸ்ஸாஜோக் ஊராட்சித் தலைவர் சந்தோஷ் தேஷ்முக் கடத்திக் கொல்லப்பட்டார். காற்றாலை நிறுவனத்திடம் பணம் பறிக்க முயன்ற கும்பலுக்குக் குறுக்கே நின்றதே காரணம் என்கிறது வழக்கு. அவர் துப்பாக்கியால் கொல்லப்படவில்லை. ஆனால் அந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் வழங்கப்பட்டிருந்தன என்பதும், துப்பாக்கியுடன் ஆடியும் வானத்தை நோக்கிச் சுட்டும் எடுக்கப்பட்ட காணொளிகள் வெளிப்படையாக உலவின என்பதும் கொலைக்குப் பிறகுதான் அரசின் காதுக்கு எட்டின. அதன் பின்னரே உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன. மக்களின் மனத்தில் அச்சத்தை விதைக்கும் வேலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிந்திருந்தது.

முல்ஷியிலும் உல்லாஸ்நகரிலும் துப்பாக்கி வெளியே வந்தது நிலத்துக்காக. இது தற்செயல் அல்ல. மும்பையில் நிலம்தான் மூலதனம். வடாலா, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி, செம்பூர் என்று தமிழ் உழைப்பாளர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதிகள் எல்லாம் இன்று கட்டுமான நிறுவனங்களின் கண்ணில் பட்ட நிலங்கள். குடிசை மறுவாழ்வுத் திட்டத்துக்குத் தேவையான குடியிருப்போர் ஒப்புதல் 70 சதவிகிதத்திலிருந்து 51 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. அந்த ஒப்புதலுக்கான கையெழுத்து எந்தச் சூழலில் பெறப்படுகிறது என்பது ஜனநாயகத்தின் அடிப்படைக் கேள்வி. ஆயுதம் தாங்கிய காவலர்களுடன் வருபவரின் முன்னால் இடப்படும் கையெழுத்தை ஒப்புதல் என்று ஏற்க முடியாது.

மறுபுறம், ஆயுதமே ஏந்தாத மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள்? அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஆ) பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. மகாராஷ்டிர காவல் சட்டத்தின் 37ஆவது பிரிவு இரண்டு அதிகாரங்களைத் தருகிறது. பொது இடத்தில் ஆயுதங்கள் எடுத்துச் செல்வதைத் தடை செய்யலாம். கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடை செய்யலாம். தொழிற்சங்கம் வாயிற்கூட்டம் நடத்தினால், குடிசை இடிப்பை எதிர்த்துப் பெண்கள் திரண்டால் இரண்டாவது அதிகாரம் உடனே விழித்துக்கொள்கிறது. மத ஊர்வலங்களில் வாளும் துப்பாக்கியும் சுழற்றப்படும்போது முதலாவது அதிகாரம் உறங்கிவிடுகிறது. 2020 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் கொல்லப்பட்ட அதே நாளில், தில்லி ஜாமியா பல்கலைக்கழகத்தின் அருகே ஓர் இளைஞன் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டியபடி நடந்து வந்து மாணவர் ஒருவரைச் சுட்டான். காவல்துறை அணிவகுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மாணவர்கள் ஏந்தியிருந்தவை பதாகைகள் மட்டுமே.

அப்படியானால் மக்களும் ஆயுதம் ஏந்தினால் என்ன என்ற கேள்வி சிலருக்கு எழலாம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதனால்தான் 1931 கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கோரியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சபையும் ஏற்கவில்லை. அந்த முடிவின் சரியான தன்மையை மும்பையின் வரலாறே மெய்ப்பிக்கிறது. ஏற்றத்தாழ்வு நிறைந்த சமூகத்தில் ஆயுத உரிமை என்பது பணமும் செல்வாக்கும் உள்ளவர்களின் உரிமையாகவே முடியும். இன்றும் உரிமம் கிடைப்பது ஒப்பந்ததாரருக்கு. அவரால் மிரட்டப்படும் கூலித் தொழிலாளிக்கு அல்ல.

இந்த உண்மைக்கு இடதுசாரி இயக்கமும் தொழிலாளர் இயக்கமும் உயிர்களை விலையாகக் கொடுத்துள்ளன. கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனில் லால்பாக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார். பஞ்சாலை வேலைநிறுத்தத் தலைவர் தத்தா சாமந்த் 1997 ஜனவரியில் பவாயில் கூலிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். தோழர் கோவிந்த் பன்சாரே 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் காலை நடை சென்றபோது சுடப்பட்டு உயிர்நீத்தார். இவர்களின் பலம் திரண்ட மக்களிடம் இருந்தது. அந்தத் திரட்சியைக் கலைக்கத்தான் எதிரிகளுக்கு ஆயுதம் தேவைப்பட்டது.

எனவே ஆயுதக் கும்பல்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பதே ஜனநாயக இயக்கத்தின் கோரிக்கையாக இருக்க வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலே, காணொளி பரவும்வரை காத்திராமல், 17ஆவது பிரிவின் கீழ் உரிமம் உடனடியாக நிறுத்தி வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் எத்தனை உரிமங்கள், என்ன காரணத்துக்காக வழங்கப்பட்டுள்ளன என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். நில அபகரிப்பு, பணம் பறிப்பு வழக்குகளில் சிக்கியவர்களின் உரிமங்கள் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். தனியார் மெய்க்காவலர்களின் துப்பாக்கிகளும் இதே கண்காணிப்பின் கீழ் வர வேண்டும். 2024 பிப்ரவரியில் முன்னாள் மாமன்ற உறுப்பினர் அபிஷேக் கோசால்கரைக் கொன்ற துப்பாக்கி, கொலையாளியின் மெய்க்காவலருக்குச் சொந்தமானது என்பதை மறந்துவிட முடியாது.

கோரிக்கை வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஆயுதச் சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி அச்சட்டத்தின் எல்லாக் குற்றங்களும் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கவை. அத்தகைய குற்றம் குறித்துப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. மிரட்டப்பட்ட குடும்பம் தனியாகக் காவல் நிலையப் படியேறினால் திருப்பி அனுப்பப்படுகிறது. கிளைத் தோழர்களும் சங்கத் தோழர்களும் உடன் சென்றால், எழுத்துப்பூர்வமான புகாரும் சாட்சிகளும் கையில் இருந்தால், அதே காவல் நிலையம் பதில் சொல்லியாக வேண்டும். குடியிருப்புதோறும் கட்சிக் கிளைகள் மேற்கொள்ள வேண்டிய பணி இது.

1930 கோடையில் இதே வடாலாவின் உப்பளங்களுக்குள் ஆயிரக்கணக்கான மக்கள் வெறுங்கையோடு நுழைந்தனர். தடியும் துப்பாக்கியும் ஏந்தி நின்ற ஏகாதிபத்தியத்தின் முன்னால் அவர்கள் அள்ளியது உப்பை மட்டுமே. அவர்களை ஒன்றுகூட விடாமல் தடுக்க முடியாமற்போனதுதான் அன்றைய அரசின் தோல்வி. வெறுங்கையோடு கூடும் மக்களின் உரிமையைக் காப்பதும், துப்பாக்கி காட்டுவோரைச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் பிரிக்க முடியாத ஒரே போராட்டம். வடாலாவிலும் தாராவியிலும் அதை முன்னெடுப்போம் என்ற உறுதியை உழைக்கும் மக்களுக்கு அளிக்க வேண்டிய கடமை இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு.