உயிர் காக்கும் பெட்டி

வீடு கட்டுவோர் வாசற்கதவுக்கு வேலைப்பாடு தேடுகின்றனர். சுவருக்கு வண்ணம் தேடுகின்றனர். மின்பலகையை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவின் பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் பீங்கான் பியூஸ் கட்டைகளே உள்ளன. பியூஸ் போனால் என்ன செய்கிறோம்? கைக்குக் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம். "இனிப் போகவே போகாது" என்ற பெருமை வேறு! உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால், சுவருக்குள் இருக்கும் ஒயர் அல்லவா உருகும்?

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே!" என்பார் சிலர். அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உயிரைப் பறிக்கவோ அதில் நூற்றிலொரு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும், நல்ல எர்த்தும் சேர்ந்தால்தான் காவல் முழுமை பெறும்.

இதை நாமே மாற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்த பின்னும், மீட்டரிலிருந்து அதுவரை வரும் கம்பியில் மின்சாரம் உண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழைக்க வேண்டும்.

ஒரு பட்டுப்புடவையின் விலைக்குத் தயங்கலாமா? நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் உங்கள் வீட்டு மின்பலகையைப் பாருங்கள். 'டெஸ்ட்' என்று எழுதிய பொத்தான் அதில் இல்லையெனில், அன்றே அப்பாவிடம் பேசுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதற்கடமை அதுவே என்பது என் கருத்து.