ரோட்டில் படுக்கும் மாடுகள்: மேய்க்கால் நிலம் எங்கே போச்சு?

தாம்பரம் - வேளச்சேரி ரோட்டில் பைக்கில் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். நடுரோட்டில் மாடுகள் படுத்து அசைபோடும். ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காது. 'இப்படியா அவிழ்த்து விடுவாங்க' என்று மாட்டுக்காரரைத் திட்டத் தோன்றும். திட்டலாம். ஆனால், அவை மேய வேண்டிய இடம் என்ன ஆச்சு?

வருவாய்த் துறைக் கணக்கில் அந்த இடத்துக்குப் பெயர் உண்டு: மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடுகளுக்காக ஒதுக்கிய பொது நிலம். பிரிட்டிஷ் கால ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்ததே வரி வசூலுக்காகத்தான். வரி வராத நிலத்துக்கு மதிப்பும் இல்லாமல் போனது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. புல்வெளியோ சதுப்போ, ஃபைலில் அது 'சும்மா கிடக்குற இடம்'. புறம்போக்கு என்பது கடைசியில் வசவுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பள்ளிக்கரணைக்கு நடந்ததும் இதுதான். தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் இடம் அது. புல்லும் கோரையும் மண்டிய அந்தச் சதுப்பில் பெருங்குடி பக்கம் குப்பை கொட்டினார்கள். அரசு நிறுவனங்களே கட்டடமும் கட்டின. 2007-ல்தான் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைக்க 2022 வரை ஆனது. இடையில், 2015 டிசம்பரில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் வீடுகள் இருந்தன.

சட்டம் சும்மா இருக்கவில்லை. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று, பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தென்னிந்தியப் பொது நிலங்களுக்கு உதாரணமாக அந்தத் தீர்ப்பு சொல்வது புறம்போக்கையும் மந்தைவெளியையும். (ஆமாம், நம்ம மந்தைவெளியின் பெயரும் மாட்டு மந்தையில் இருந்து வந்ததுதான்.) நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோருக்கு அபூர்வமாகவே விலக்கு தரலாம் என்றது நீதிமன்றம். குடிசையை இடித்துவிட்டு காம்பவுண்டு சுவரை விட்டுவைப்பது அந்தத் தீர்ப்பை அமல்படுத்துவது ஆகாது.

பிளாட் புக் பண்ணும் முன் சர்வே நம்பரைப் போட்டு 'அ' பதிவேட்டை ஆன்லைனில் பார்க்கிறோம். அதில் தெரிவது இன்றைய வகைப்பாடு. நேற்று அது மேய்க்காலா, கழுவெளியா என்பதற்குப் பழைய பதிவேடுகளைத் தேடி அலைய வேண்டும். எந்த அரசாணைப்படி, எந்த வருஷம் வகை மாறியது என்பதையும் அதே பக்கத்தில் அரசு காட்ட வேண்டும்.