சாய் சுதர்சன் நிப்பாரா?

2025 ஐபிஎல் முடிஞ்சப்போ சாய் சுதர்சன் கணக்குல 759 ரன். ஆரஞ்சு கேப் அவர் தலையில. அதே வருஷம் டிசம்பர்ல எடுத்துப் பார்த்தா டெஸ்ட்ல 6 மேட்ச், 11 இன்னிங்ஸ், 302 ரன். சராசரி 27 சொச்சம்.

இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு நம்மாளுங்க தீர்ப்பு எழுதிட்டாங்க. எங்க கே.ஜி.கண்டிகை டீக்கடையிலயும் சரி, திருத்தணியிலேருந்து சென்னை போற லோக்கல் டிரெயின்லயும் சரி, ஒரே வசனம்தான். "ஐபிஎல் ஆளுப்பா, டெஸ்ட்டுக்கெல்லாம் சரிப்படாது". மே மாசம் இதே டிரெயின்ல இதே வாய்கள் "அடுத்த டிராவிட்"னு சொல்லிக்கிட்டு இருந்தது தனி மேட்டர் :-)

ரெண்டு தீர்ப்புமே தப்புங்கிறது என் கட்சி. ஏன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், பொறுமையா படிங்க மக்களே.

எங்க ஊர்ல அறுவடை முடிஞ்ச கையோட நிலத்துல டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். நகரி, புத்தூர் பக்கத்துலேருந்து எல்லாம் டீம் வரும், பாதி சண்டை தமிழ்ல, பாதி தெலுங்குல. வருஷா வருஷம் யாராவது ஒரு புதுப்பையன் வருவான். முதல் வாரம் லெக் சைடுல தூக்கித் தூக்கி அடிச்சு பக்கத்து கரும்புத் தோட்டத்துல பந்தைத் தொலைப்பான். ஊரே அவன் பேரைச் சொல்லும். ரெண்டாவது வாரம் எல்லா பவுலரும் ஆஃப் ஸ்டம்புக்கு ரெண்டடி வெளியே போடுவாங்க. அவ்ளோதான், பையன் காலி. அவனுக்கு அடிக்க மறந்துபோச்சான்னா இல்ல. பந்து போடுறவனுக்குத் தகவல் கிடைச்சிருச்சு. அதுக்கப்புறம் மூணாவது வாரம் அவன் என்ன பண்றாங்கிறதுதான் அவன் பேட்ஸ்மேனா, இல்ல ஒரு வாரத்து ஹீரோவான்னு சொல்லும்.

அமெரிக்கால பேஸ்பால் பைத்தியங்க இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, சோஃபமோர் ஸ்லம்ப். அதாவது ரெண்டாவது வருஷச் சறுக்கல். ஜோ சார்போனோன்னு ஒருத்தர், 1980ல கிளீவ்லண்ட் அணிக்கு வந்து முதல் வருஷமே 23 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் விருது. 1982க்கு அப்புறம் பெரிய லீக்ல ஆளையே காணோம். காயமும் ஒரு காரணம்.

இதுல ஒரு புள்ளியியல் சமாச்சாரமும் இருக்கு. கால்டன்னு ஒரு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டுலயே கண்டுபிடிச்சது. ரொம்ப உச்சத்துல இருக்கிற எந்த அளவும் அடுத்த தடவை அளக்கும்போது சராசரிப் பக்கம் கொஞ்சம் இறங்கி வரும். ஏன்னா உச்சத்துக்குப் போனதுல திறமையோட கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். விட்ட கேட்ச், ஸ்டம்புக்குப் பக்கத்துல போன இன்சைட் எட்ஜ், ஃபீல்டர் தலைக்கு ஒரு அடி மேல போன பந்து. நூறு பசங்க ஆடுறாங்க, அதுல எவனுக்கு எல்லாம் கூடி வந்துச்சோ அவனைப் பத்தித்தான் நாம பேசவே ஆரம்பிக்கிறோம். அப்புறம் அவன் கொஞ்சம் இறங்கினா "தலைக்கனம்"ங்கிறோம், "பணம் வந்துருச்சு"ங்கிறோம். பாதி நேரம் அது வெறும் கணக்கு.

அதனால சுதர்சனை அளக்கணும்னா 759ஐ ஓரமா வச்சுட்டு முதல்தர ஆட்டத்தைப் பாருங்க. அங்க அவர் சராசரி நாற்பதை ஒட்டித்தான். 2024 அக்டோபர்ல டெல்லிக்கு எதிரா ரஞ்சியில 213 அடிச்சார். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இங்கிலாந்துல சரே கவுண்டிக்காக டிரென்ட் பிரிட்ஜ்ல ஒரு சதம். நல்ல ஆட்டக்காரர், ஆனா மலையைப் புரட்டின ஆள் இல்ல. அந்த நாற்பதுலேருந்து முதல் ஆறு டெஸ்ட்ல 27க்கு வர்றது வீழ்ச்சி இல்லீங்க. புது ஆளுக்கு நடக்கிற சாதாரண விஷயம்.

சரி, பவுலர்களுக்கு என்ன தகவல் கிடைச்சிருக்கு? 2025 ஜூன் 20, லீட்ஸ், முதல் டெஸ்ட். நாலே பந்து, ஸ்டோக்ஸ் போட்டது லெக் சைடுல போச்சு, தொட்டார், கீப்பர் கையில. டக். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 30 அடிச்சு நல்லா செட்டாகி நிக்கிறப்போ அதே ஸ்டோக்ஸ், கால் பக்கம் ஒரு பந்து, மிட்விக்கெட்ல நேரா கிராலி கையில குடுத்தார். இங்கதான் மேட்டரே இருக்கு. கால் பக்கம் வர்ற பந்தை மணிக்கட்டால திருப்புறது சுதர்சனோட சோறு போடுற ஷாட். ஐபிஎல்ல அதுல எத்தனை பவுண்டரி! 2023 ஃபைனல்ல சென்னைக்கு எதிரா 47 பந்துல 96 அடிச்சு நம்ம வயித்துல புளியைக் கரைச்சாரே, அந்த இன்னிங்ஸை மறக்க முடியுமா? அதே ஷாட்டை டெஸ்ட்ல பொறியா மாத்திட்டாங்க. பலவீனத்தை வலையில நின்னு சரி பண்ணிடலாம். பலமே வினையாயிட்டா என்ன பண்றது? வேண்டாம்னு விடப் பழகணும், அது ரொம்ப கஷ்டம்.

இந்த இடத்துல நம்ம ஊர் ஆளுங்க ரெண்டு பேரை ஒப்பிட்டே ஆகணும்.

ஒருத்தர் சடகோபன் ரமேஷ். 1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தான். வாசிமையும் வக்காரையும் நின்ன இடத்துலேருந்தே கவர்ல அனுப்பினார். முதல் மூணு டெஸ்ட்ல 43, 5, 60, 96, 79, 40. நாலாவது டெஸ்ட்ல கொழும்புல 143. அப்ப பார்த்தவங்களைக் கேளுங்க, கவாஸ்கருக்கு அப்புறம் ஓப்பனர் கிடைச்சுட்டான்னே முடிவு கட்டிட்டாங்க. ஆனா கால் நகராது. அந்தத் தகவல் ஊர் ஊரா பரவிச்சு. நாற்பது அடிப்பார், ஐம்பது அடிப்பார், பெருசா மாத்த மாட்டார். 2001ல 19வது டெஸ்ட்டோட கதை முடிஞ்சது, 26 வயசு கூட ஆகல. சராசரி 37.97, அதை இன்னைக்கு வச்சிருந்தா கோயில் கட்டுவாங்க! அவருக்கு இன்னும் பத்து டெஸ்ட் குடுத்திருக்கணும்ங்கிறது என்னோட நிரந்தர ஆதங்கம். (பின்னாடி 'சந்தோஷ் சுப்ரமணியம்' படத்துல ஜெயம் ரவிக்கு அண்ணனா வந்தார். அங்கயும் கால் அவ்வளவா நகரல.)

இன்னொருத்தர் முரளி விஜய். 2008 நவம்பர்ல ரஞ்சி மேட்ச் நடுவுல கூப்பிட்டு நாக்பூர்ல இறக்கினாங்க, 33, 41. 2010 ஐபிஎல்ல சேப்பாக்கத்துல 127 அடிச்சதும் "சிக்ஸர் பார்ட்டி"ன்னு முத்திரை. 2011 வெஸ்ட் இண்டீஸ் டூர்ல சொதப்பி இடத்தையும் விட்டார். அப்புறம் 2013ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 167, 153ன்னு திரும்பி வந்தவர் வேற ஆளு. 2014ல டிரென்ட் பிரிட்ஜ்ல 361 பந்து நின்னு 146. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போற பந்தை அவர் விட்டதைப் பார்க்கவே ஒரு சுகம். ஐபிஎல்ல சிக்ஸர் அடிச்ச மனுஷன், அடிக்காம இருக்கக் கத்துக்கிட்டார். 61 டெஸ்ட், 12 சதம். ஆனா சராசரி? 38.28. ரமேஷை விட ஒரு ரன் கூட அதிகம் இல்ல!

அப்போ வித்தியாசம் எங்க? முதல் சறுக்கலுக்கு அப்புறம் விஜய் மாறினார், சரி. ஆனா திரும்பி வர அவருக்கு ஒரு கதவும் திறந்திருந்தது. இந்த ரெண்டாவது பாதியைத்தான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க. வினோத் காம்ப்ளி 1993ல 224, 227, 125, 120ன்னு அடிச்சுட்டு, 17 டெஸ்ட்ல 54 சராசரியோட 23 வயசுலயே வெளியே போனவர். அவரோட வாழ்க்கைமுறையைத்தான் எல்லாரும் சொல்வாங்க, அதுல உண்மையும் இருக்கலாம். ஆனா கருண் நாயர் என்ன பண்ணார்? 2016 டிசம்பர்ல நம்ம சேப்பாக்கத்துல 303 நாட் அவுட். இந்தியா ஆடின அடுத்த டெஸ்ட்ல அவருக்கு இடம் இல்ல. முச்சதம் அடிச்சவனுக்கே இந்த கதி.

சுதர்சனுக்கு நடந்ததைப் பாருங்க. லீட்ஸ்ல ஒரு டெஸ்ட், உடனே ரெண்டு டெஸ்ட் வெளியே. மான்செஸ்டர்ல 61, 0. ஓவல்ல 38, 11. அக்டோபர்ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா டெல்லியில 87, 39. ஆஹா, செட்டாகிட்டார்னு நினைச்சா அடுத்த கொல்கத்தா டெஸ்ட்ல மூணாவது இடத்துல வாஷிங்டன் சுந்தர்! அவரும் நம்ம பையன்தான், சந்தோஷம்தான், ஆனா இது என்ன மியூசிகல் சேரா? அப்புறம் குவாஹாத்தியில திரும்ப சுதர்சன், 15, 14. அந்த ரெண்டாவது 14ஐக் கவனிங்க, 139 பந்து. 408 ரன்ல தோத்த மேட்ச்ல ஒருத்தன் 139 பந்து நின்னிருக்கான். கடைசியில அவுட் ஆக்கினது செனுரன் முத்துசாமி, நாகப்பட்டினத்துப் பூர்வீகம். அந்த முத்துசாமி கதையும் இதேதான். 2019ல விசாகப்பட்டினத்துல முதல் டெஸ்ட், முதல் விக்கெட்டே கோலி. அப்புறம் வருஷக்கணக்கா ஓரங்கட்டப்பட்டு, 31 வயசுல இதே குவாஹாத்தியில வந்து 109 அடிச்சார்.

அந்த 139 பந்துதான் எனக்கு நம்பிக்கை தருது, ஆரஞ்சு கேப் இல்ல. பார்க்க அழகா இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அடிக்காம இருக்க முயற்சி பண்ற ஆளு அது. செப்டம்பர்ல லக்னோவில ஆஸ்திரேலியா ஏ அணிக்கு எதிரா 412 துரத்தி ஜெயிச்ச மேட்ச்ல சதம் அடிச்சதும் இதே ஆள்தான். அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். டிஎன்பிஎல்ல கோவை அணி இவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தப்போ ஐபிஎல்ல இவர் சம்பளம் 20 லட்சம். அந்த சம்பளத்துலதான் அந்த ஃபைனல் 96. 2025க்கு குஜராத் 8.5 கோடி குடுத்து வச்சுக்கிட்டப்புறம் 759. பணம் வந்து கெட்டுப்போற கேஸ் மாதிரி தெரியல.

என் கணிப்பு: காம்ப்ளி மாதிரி 54 எல்லாம் வராது. 38லேருந்து 42க்குள்ள ஒரு டெஸ்ட் சராசரி. அது போதும். ஆனா ஒரே இடத்துல தொடர்ந்து பதினஞ்சு டெஸ்ட் குடுக்கணும். அது குடுத்தும் கால் பக்கப் பந்துல மிட்விக்கெட்டுக்கே கேட்ச் குடுத்துக்கிட்டு இருந்தா, டீக்கடைக்காரங்க சொன்னது சரின்னு நானே எழுதுறேன்.

அதனால அடுத்த தடவை அவர் வெள்ளை டிரெஸ்ல இறங்குறப்போ ஸ்கோர் போர்டை விட்டுட்டு முதல் இருபது பந்தைப் பாருங்க. மிட்விக்கெட்ல கண்டிப்பா ஒரு ஆள் நிக்கும்.

வைபவ் சூர்யவன்ஷி பத்தி ஏன் எழுதலன்னு கேட்பீங்க. 14 வயசுல 35 பந்துல ஐபிஎல் சதம் அடிச்ச பையனைப் பத்தி இப்பவே கணிப்பு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ரமேஷ் ரசிகர்கள் யாராச்சும் அந்த சினிமா கமென்ட்டுக்காக சண்டைக்கு வர்றதா இருந்தா, ஞாயித்துக்கிழமை வாங்க, மத்த நாள் ஆபீஸ்.