கேபிளின் மேல் அதன் திறனை அச்சிடுங்கள்!

சார்ஜர் சண்டை முடிந்துவிட்டதாகவே பலரும் நினைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டப்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய செல்போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் போன்றவற்றுக்கு யுஎஸ்பி டைப்-சி போர்ட் கட்டாயம். லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 என்று கெடு வைக்கப்பட்டது. 2012 முதல் ‘லைட்னிங்’ என்ற தனி வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆப்பிளே, 2023 செப்டம்பரில் ஐபோன் 15 மூலம் டைப்-சிக்கு வந்துசேர்ந்தது.

புதிய கருவி எது வந்தாலும் வாங்கித் திருகிப் பார்க்கும் ஆர்வம் கொண்ட எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. ஒருகாலத்தில் ஒரே வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்கு சார்ஜர் வேண்டும். அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். முனையின் வடிவம் ஒன்றாகிவிட்டது. கேபிள்களின் திறன் இன்னும் ஆளுக்கொரு விதமாகவே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியும் வாங்குபவருக்கு இல்லை.

தோற்றம் ஒன்று, திறன் வேறு

சென்னை ரிச்சி தெருவில் டைப்-சி கேபிள் கேட்டால் கட்டுக்கட்டாக எடுத்துப் போடுவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால், ஒன்று 60 வாட் மின்சாரத்தையே தாங்கும். இன்னொன்று 240 வாட் வரை தாங்கும். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்தும். இன்னொன்று 40 கிகாபிட் வரை போகும். ஒன்றைச் செருகினால் மானிட்டரில் படம் வரும், மற்றொன்றில் வராது.

விலை உயர்ந்த போன்களும் இதற்கு விலக்கல்ல. ஐபோன் 15 புரோவின் போர்ட் நொடிக்கு 10 கிகாபிட் வேகம் கொண்டது. பெட்டியில் உடன்வரும் கேபிளோ 480 மெகாபிட் வேகத்தைத் தாண்டாது. அது 2000ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0 தரத்தின் வேகம். 10 ஜிபி அளவுள்ள வீடியோவை நகலெடுக்க, கணக்குப்படி முன்னதில் 8 நொடி போதும்; பின்னதில் ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும்.

டைப்-சி போர்ட்டுக்குள் 24 பின்கள் உண்டு. அதிவேகக் கேபிளில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனிக் கம்பி ஓடும். மலிவான கேபிளில் மின்சாரத்துக்கும் அடிப்படைத் தகவலுக்கும் தேவையான கம்பிகள் மட்டுமே இருக்கும். 3 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய வேண்டுமானால், கேபிளுக்குள் ‘இ-மார்க்கர்’ என்ற சின்னஞ்சிறு சிப் இருக்க வேண்டும். சார்ஜர் முதலில் அந்தச் சிப்பிடம்தான் கேபிளின் தாங்குதிறனை விசாரிக்கிறது. பதில் வராவிட்டால் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 100 வாட் சார்ஜர் வாங்கிய பிறகும் லேப்டாப்பில் சார்ஜ் மெதுவாக ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. ஆனால், பழி சார்ஜர் மீது விழுகிறது.

ஒரு ரூபாய் மிச்சம்

மலிவான டிரிம்மர், நெக்பேண்ட், ஸ்பீக்கர் பலவற்றில் இன்னொரு கோளாறைப் பார்க்கலாம். பெட்டியில் வந்த, ஒரு முனை பழைய தட்டை வடிவத்தில் இருக்கும் கேபிளில் சார்ஜ் ஏறும். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளைச் செருகினால் விளக்குகூட எரியாது. காரணம் இதுதான்: டைப்-சி சார்ஜர், மறுமுனையில் கருவி ஒன்று இருக்கிறது என்று உறுதியான பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். அதற்கான அடையாளம், கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு. ஒரு ரூபாய்கூடப் பெறாத அவற்றைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டால், சார்ஜரைப் பொறுத்தவரை மறுமுனையில் எதுவுமே இல்லை. பழைய சார்ஜர் எதையும் விசாரிக்காமல் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால், அதில் மட்டும் வேலை நடக்கிறது. டைப்-சி என்று விளம்பரம் செய்து விற்கும் கருவி டைப்-சி சார்ஜரில் ஏறாதென்றால், அது தரக்குறைவு மட்டுமல்ல; வாங்குபவரை ஏமாற்றும் செயல்.

சில போன் நிறுவனங்களின் சொந்த அதிவேக சார்ஜிங் முறைகள் இன்னொரு சிக்கல். அந்தச் சார்ஜரை வேறு நிறுவனப் போனில் செருகினால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான், 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஏறும் கருவிகள் ‘பவர் டெலிவரி’ என்ற பொதுமுறையையும் ஏற்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் வலியுறுத்துகிறது.

குப்பைக்கு யார் பொறுப்பு?

தூக்கியெறியப்படும், பயன்படுத்தப்படாத சார்ஜர்களால் மட்டும் ஆண்டுக்கு 11,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாக ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. 2022இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3% மட்டுமே என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டித்தான் 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜர் நீக்கப்பட்டது. மற்ற நிறுவனங்கள் சிலவும் பின்தொடர்ந்தன. ஆனால், கையில் இருக்கும் சார்ஜரும் கேபிளும் எதற்குப் போதும் என்று தெரியாதவர் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கத்தான் செய்வார். மிச்சம் நிறுவனத்துக்கு; செலவு நமக்கு; குப்பை ஊருக்கு.

இந்தியா செய்ய வேண்டியது

பொதுச் சார்ஜர் குறித்து 2022 நவம்பரில் மத்திய அரசு கூட்டிய கூட்டத்தில், ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப் ஆகியவற்றுக்கு டைப்-சி என்று கருத்தொற்றுமை ஏற்பட்டது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) அதற்கான தரநிலையை வெளியிட்டது. தரநிலை வெளியானாலே கட்டாயம் ஆகிவிடாது. அரசு தனி ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணையில் போர்ட்டின் வடிவத்தோடு மூன்று விதிகள் சேர வேண்டும். ஒவ்வொரு கேபிளின் மீதும் எத்தனை வாட், என்ன வேகம் என்று அழியாதபடி அச்சிட வேண்டும். டைப்-சி போர்ட் உள்ள எந்தக் கருவியும் இருமுனை டைப்-சி கேபிளில் சார்ஜ் ஏற வேண்டும். பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா, எத்தனை வாட் தேவை என்பதை வெளியே குறிப்பிட வேண்டும்.

60 வாட், 240 வாட் கேபிள்களுக்கென முத்திரைகளை யுஎஸ்பி கூட்டமைப்பு ஏற்கெனவே வகுத்திருக்கிறது. சான்றிதழ் வாங்குவது நிறுவனங்களின் விருப்பம் என்பதால், நம் கடைகளில் அந்த முத்திரைகள் அரிதாகவே கண்ணில் படுகின்றன. சிறு உற்பத்தியாளர்களுக்குச் சுமை கூடும் என்ற வாதம் எழலாம். மலிவான கேபிளை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான போன்களுக்கு 60 வாட், 480 மெகாபிட் கேபிளே தாராளம். அதன் திறன் இவ்வளவுதான் என்று எழுதி விற்றால் போதும். ஏசி, பிரிட்ஜ் மீது 2006இல் விருப்ப அடிப்படையில் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு பின்னர் கட்டாயமானது. இன்று அதைப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஐபோன்களையும் சார்ஜர்களையும் உலகுக்கு அனுப்பும் ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் நாட்டில், கேபிளில் ஒரு வரி அச்சிடுவது முடியாத வேலையல்ல.

ஆணை வரும்வரை நாமே கேட்டு வாங்குவோம். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். கேபிள் என்றால் எத்தனை வாட், என்ன வேகம் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கேபிளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.